பிசிஓஎஸ்ஸும் பிள்ளைக் கவலையும்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

கல்யாணமாகி மூன்றாம் மாதமே கேள்வி ஆரம்பித்துவிடும். "ஏனுங் அம்மணி, விசேசம் ஏதாச்சும் உண்டுங்களா?" சீர், நோம்பி, கிடாவெட்டு, எங்கே போனாலும் இதே கேள்விதான். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கே இது எரிச்சல். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று டேட் தள்ளிப் போகிறவர்களுக்கு, அதிலும் ஸ்கேன் தாளில் பிசிஓஎஸ் (ஊரில் சினைப்பை நீர்க்கட்டி என்கிறார்களே, அதுதான்) என்று எழுதி வாங்கியவர்களுக்கு, ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்கும்.

ஈரோடு பக்கம் மகப்பேறு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து நான் பார்த்தது இதுதான். பிசிஓஎஸ்ஸால் கடைசிவரை பிள்ளை இல்லாமல் போனவர்கள் குறைவு. வரிசை தப்பிச் செய்து வருடத்தையும் பணத்தையும் விட்டவர்கள் அதிகம். ஒரு பக்கம் நாலு வருடம் பொடியும் கஷாயமும் குடித்துவிட்டு முப்பத்தாறு வயதில் வருகிறார்கள். இன்னொரு பக்கம் முட்டை வளர்க்கும் மாத்திரையை ஒழுங்காக ஒரு தடவைகூட முயலாமல், நகையை அடகு வைத்து நேராக டெஸ்ட் டியூப்புக்குப் போகிறார்கள். அதனால் இதை வரிசையாகவே எழுதுகிறேன். இது உங்கள் டாக்டருக்குப் பதிலாக அல்ல. அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள.

முதலில், உண்மையிலேயே பிசிஓஎஸ்தானா?

ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. 2003இல் ராட்டர்டாம் நகரில் வகுத்த அளவுகோலைத்தான், கொஞ்சம் திருத்தி, இன்றும் டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். மூன்று விஷயம் பார்ப்பார்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருப்பது ஒன்று: 35 நாளைத் தாண்டியோ 21 நாளுக்குள்ளோ வருவது, அல்லது வருடத்துக்கு எட்டு தடவைக்கும் குறைவாக வருவது. ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பது இரண்டாவது. ரத்தப் பரிசோதனையில் தெரியலாம், இல்லையென்றால் தாடை, மேலுதடு, வயிறு ஆகிய இடங்களில் முடி வளர்வதிலேயே தெரிந்துவிடும். மூன்றாவதுதான் ஸ்கேன்: ஒரு சினைப்பையிலாவது 20 அல்லது அதற்கு மேல் சின்னச் சின்ன முட்டைப் பைகள், அல்லது சினைப்பை 10 மில்லிக்கு மேல் பெருத்திருப்பது. இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையையும் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் தைராய்டும், புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோனும் பார்த்தாக வேண்டும். இரண்டுமே மாதவிலக்கைத் தள்ளிப் போடும். தைராய்டுக் குறைபாடு மட்டும் இருந்த பெண்ணுக்கு வருடக்கணக்கில் நீர்க்கட்டி மருந்து கொடுத்த கதையெல்லாம் உண்டு. டாக்டருக்குத் தேவைப்பட்டால், அட்ரினல் சுரப்பிக் கோளாறு இல்லை என்று உறுதி செய்ய 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்று இன்னொன்றும் எழுதுவார். கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது ஹார்மோன் பரிசோதனை செய்தால் முடிவு சரியாக வராது. மாத்திரை போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மாதத்துக்குள் குரல் தடித்து, முடி மளமளவென்று வளர்ந்தால் அது வேறு விவகாரம், தள்ளிப் போடாமல் காட்ட வேண்டும்.

ஸ்கேன் அறை வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. மருமகள் வெளியே வந்ததும் மாமியார் எழுந்து வருவார். "சிஸ்டருங், போன தடவ பன்னெண்டு கட்டின்னாங்க. இப்பக் கரைஞ்சிருச்சுங்களா?" மருமகள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அத்தை, வாங்க போலாம்" என்பாள். அந்தப் பன்னிரண்டும் கட்டியே அல்ல. ஒவ்வொன்றும் பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பை, 2 முதல் 9 மில்லிமீட்டர்தான் இருக்கும். கரைக்க வேண்டியது எதுவும் அங்கே இல்லை. அறுவை செய்து எடுக்கவும் ஒன்றுமில்லை. முட்டை தீர்ந்துபோன நிலை அல்ல இது. முட்டை நிறைய இருக்கிறது, அதில் ஒன்று முழுதாக வளர்ந்து மாதா மாதம் வெளியே வருவதுதான் தடைப்படுகிறது. பிசிஓஎஸ்ஸில் ஏஎம்எச் கூடுதலாகக் காட்டுவதும் இதனால்தான். இது மட்டும் மனதில் பதிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

வயசுக்கு வந்து இரண்டு மூன்று வருடமே ஆன மகளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு அலைகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மாதவிலக்கு வந்து எட்டு வருடம் வரைக்கும் பிசிஓஎஸ்ஸைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை என்கிறது வழிகாட்டுதல். அந்த வயதில் பலருடைய சினைப்பையும் அப்படித்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "உனக்குக் குழந்தை பிறக்காது" என்று மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது

பெரும்பாலானவர்களுக்கு வேர் இன்சுலினில் இருக்கிறது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, அதனால் கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாக்குகிறது. முட்டைப் பைகள் பாதியில் நிற்கின்றன. முட்டை வெளிவராததால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை, மாதவிலக்கும் வருவதில்லை. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது இந்த இன்சுலின் கோளாறின் அடையாளம்தான். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். குடும்பவாகும் உண்டு. அப்பா வழியிலோ அம்மா வழியிலோ சர்க்கரை நோய் இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும்.

கர்ப்பப்பையைக் காப்பது

பிள்ளை இப்போது வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் இது எல்லோருக்கும் பொது. மாதவிலக்கு வராமல் மாதக்கணக்கில் விட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். ஒருநாள் பெரும்போக்காக உடையும். வருடக்கணக்கில் விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுகிறது. அதனால் 90 நாள் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் முதலில் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லையென்றால் டாக்டர் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை சில நாளுக்குக் கொடுப்பார். நிறுத்திய சில நாளில் மாதவிலக்கு வரும்.

"மாத்திரை போட்டாத்தான் வருது, இப்படியே பழகிடுமோ?" என்று பயப்படுகிறார்கள். பழகாது. பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்கிறவர்களுக்கு மாதம் முழுக்கப் போடும் கருத்தடை மாத்திரை நல்ல வழி. முகப்பருவும் முகத்து முடியும் குறையும், ஆனால் முடிக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அதைப் போட்டால் பின்னால் பிள்ளை நிற்காது என்பது சும்மா பேச்சு. நிறுத்தினால் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். ரத்தக்கொதிப்பு, கண்ணில் மின்னல் தெரிகிற ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறையும் நோய் இருப்பவர்கள் இதைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

சர்க்கரை, சாப்பாடு, நடை

வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று வந்துவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனைதான் சரியாகக் காட்டும். அது 140க்கு மேல் போனால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200 என்றால் சர்க்கரை நோய். பிள்ளைக்கு முயலும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய எண் இது. கூடவே கொழுப்பும் ரத்த அழுத்தமும்.

எடையைப் பற்றி டாக்டர்கள் பேசும் விதம் பல பெண்களைப் புண்படுத்துகிறது. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. "வெயிட் குறைச்சிட்டு வாங்க" என்று ஒரே வரியில் அனுப்புவது வைத்தியமே இல்லை. விஷயம் இவ்வளவுதான்: எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு தானாக வர ஆரம்பிக்கிறது. 70 கிலோ இருப்பவருக்கு மூன்றரை முதல் ஏழு கிலோ. ஐம்பது கிலோ ஆக வேண்டியதில்லை. நம் இந்திய உடம்புக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23 தாண்டினாலே கூடுதல், 25 தாண்டினால் பருமன், இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள். ஒல்லியாக இருந்தும் பிசிஓஎஸ் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் பட்டினி கிடந்து இன்னும் இளைப்பதில் லாபமே இல்லை.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டுப் பட்டியல் எதுவும் வேண்டாம். நம்ம வீட்டு அரிசிம்பருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி வையுங்கள், கூட ஒரு பொரியல், ஒரு முட்டை. கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, ஒரு கை நிலக்கடலை எல்லாமே நல்லது. சந்தகை சாப்பிடுகிற நாளில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றாமல் குழம்போடு சாப்பிடலாம். கம்பும் ராகியும் நல்லதுதான், ஆனால் களி என்பதற்காக இரண்டு உருண்டை என்று போனால் அதுவும் மாவுச்சத்துதான். அப்புறம் நாட்டுச்சர்க்கரை. கவுந்தப்பாடியில் இருந்து நேராக வந்ததாகவே இருக்கட்டும், ரத்தத்தில் அதுவும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று சொல்லி இதை இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதிவரச் சொன்னோம். சோற்றில் பெரிய தப்பே இல்லை. பதினோரு மணி டீயும் பன்னும், நாலு மணி டீயும் போண்டாவும், ஓவர்டைம் என்றால் ஏழு மணிக்கு பேக்கரியில் இன்னொரு டீயும் பஃப்ஸும். அந்தச் சின்ன இடைவேளைகளில்தான் எல்லாம் இருந்தது. டீயைச் சர்க்கரை இல்லாமலும், பன்னுக்குப் பதில் வீட்டில் இருந்து கொண்டுபோன சுண்டலுமாக மாற்றினாள். அவ்வளவுதான், சோற்றில் கைவைக்கவில்லை.

"நாள் பூரா நின்னு வேலை செய்யறனுங், அது எக்சர்சைஸ் இல்லையா?" இல்லை. மெஷின் முன்னால் நிற்பது களைப்பைத் தரும், மூச்சு வாங்கவைக்காது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும், இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி. கிராமத்தில் மருமகள் தனியாக நடைப்பயிற்சி போனால் ஊர் பேசும் என்பதும் தெரியும். புருஷனையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஏன் என்று கீழே வருகிறது.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பற்றிச் சுருக்கமாக: இன்சுலின் கோளாறுக்கு அது உதவும். சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து பாதியில் விட்டுவிடுவீர்கள். வருடக்கணக்கில் போடுபவர்கள் பி12 அளவையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைக்கு முயலத் தொடங்கும் முன்

ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்பே குறைந்தது ஒரு மாதம். பருமன், சர்க்கரை இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார். முகத்து முடிக்கு ஸ்பைரோனோலாக்டோன், பருவுக்கு ஐசோட்ரெடினாயின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். இரண்டும் கருவுக்கு ஆபத்து.

நாள் கணக்கில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. "பதினாலாம் நாள்" என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. முட்டை வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மாதவிலக்கு வரும். எனவே 40 நாளுக்கு ஒரு தடவை வருகிறவருக்கு 26ஆம் நாள் வாக்கில்தான் முட்டை வரும். முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும், விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் நாள் குறித்து ஒரு ராத்திரிக்குக் காத்திருப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை சேர்ந்திருப்பதே மேல். கடையில் விற்கும் முட்டை கண்டுபிடிக்கும் கிட் பிசிஓஎஸ்ஸில் ஏமாற்றலாம். அது அளக்கும் எல்எச் ஹார்மோன் பலருக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம், அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு டாக்டரிடம் போவது பொது விதி. மாதவிலக்கே ஒழுங்கில்லாதவர்களுக்கு அந்த விதி பொருந்தாது. முடிவெடுத்த உடனேயே போகலாம்.

புருஷனுக்குப் பரிசோதனை

இதை எந்தச் செலவுக்கும் முன்னால் வைக்கிறேன். பெண்ணுக்கு ஏற்கெனவே நீர்க்கட்டி என்று பெயர் வைத்துவிட்டதால் ஆண் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மருமகள் ஏழெட்டு ஸ்கேன், ஊசி, கருக்குழாய்க்கான டியூப் டெஸ்ட் எல்லாம் முடித்திருப்பாள். மகன் வண்டியில் சாய்ந்தபடி வாசலிலேயே போன் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் மாமியார் பதில் சொல்வார்: "எம் பையனுக்கு என்னங் கொறை?" குறை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்குத்தான் செமன் டெஸ்ட், அதாவது விந்துப் பரிசோதனை. நூற்றுக்கணக்கில் முடிகிற செலவு, வலியும் இல்லை.

இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுப்படி ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். வடிவம் 4 சதவீதம்தான் என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு, அது போதும். முதல் முடிவு குறைவாக வந்தால் சில வாரம் கழித்து இன்னொரு தடவை. காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். புது அணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் புகை, குடி நிறுத்தியதன் பலன் உடனே தெரியாது. சாயப்பட்டறை, பாய்லர் பக்கம் வெப்பத்தில் வேலை செய்கிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நடைப்பயிற்சிக்குப் புருஷனையும் கூட்டிப்போகச் சொன்னது இதற்குத்தான். பருமன் அவருக்கும் ஆகாது.

முட்டை வளர்க்கும் மாத்திரை

முதல் மருந்து லெட்ரோசோல். மாதவிலக்கின் ஆரம்ப நாட்களில் ஐந்து நாள். மருந்துக்கடையில் வாங்கி அட்டையைப் படித்தால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று இருக்கும், பயந்துபோய் போனடிப்பார்கள். உண்மைதான், அதற்காக வந்த மருந்துதான். இந்தியாவில் குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்க 2011இல் தடையே விதித்தார்கள், 2017இல் நீக்கினார்கள். இன்று சர்வதேச வழிகாட்டுதலில் முதலிடம் இதற்குத்தான். அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் செய்து 2014இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து சுழற்சிக்குள் லெட்ரோசோல் போட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பழைய மருந்தான குளோமிபீனில் அது 19.1 சதவீதம்.

இதோடு ஃபாலிகுலர் ஸ்டடி என்று சில நாளுக்கு ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். ஒரு முட்டைப் பை 18 மில்லிமீட்டர் வாக்கில் வளர்ந்ததும் அதை வெடிக்கவைக்க ஊசி போடலாம். ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். கொடுத்த அளவு மாத்திரைக்கு முட்டை வளரவில்லை என்றால் அடுத்த சுழற்சியில் அளவைக் கூட்டுவார்கள், அது தோல்வி அல்ல. ஆனால் முட்டை வளர்கிறதா என்று பார்க்காமலே மாதா மாதம் அதே அளவை எழுதிக்கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள். முட்டை நன்றாக வந்தும் சில சுழற்சி தாண்டினால், அதற்குள் கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் டியூப் டெஸ்ட் முடிந்திருக்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு, அது தொடங்கியதில் இருந்து பத்தாம் நாளுக்குள் அதைச் செய்வார்கள். வலிக்கும்தான், வலி மாத்திரையை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்கலாம். கோவை, சேலம், திருப்பூர், நாமக்கல், கரூர், பெருந்துறை என்று நம் பக்கம் பக்கத்திலேயே இருக்கின்றன. காத்திருப்பது கஷ்டம், ஆனால் கடன் மிச்சம்.

அதற்கும் மேலே

மாத்திரைக்கு முட்டை வளராதவர்களுக்கு ஹார்மோன் ஊசி, அல்லது லேப்ராஸ்கோபியில் சினைப்பையில் சின்னச் சின்னத் துளை போடும் சிகிச்சை. ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப், இவற்றுக்கு அப்புறம்தான். கருக்குழாய் அடைப்போ விந்தணுவில் பெரிய குறையோ இருந்தால் மட்டும் அது முன்னாலேயே வரலாம்.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு ஊசியில் ஒரே நேரத்தில் பல முட்டை வளர்ந்துவிடும் அபாயம் உண்டு. வயிறு வேகமாக ஊதுவது, வாந்தி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது என்று ஏதாவது வந்தால் காலை வரை பொறுக்காமல் அன்றைக்கே போக வேண்டும். "எனக்கு பிசிஓஎஸ் இருக்குங்க, இது வராம என்ன செய்வீங்க?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஊசியின் வகையை மாற்றுவது, கருவை உறையவைத்து அடுத்த மாதம் வைப்பது என்று தெளிவான பதில் வர வேண்டும். 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது எல்லை. மொத்தச் செலவை மருந்தோடு சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். ஆண் பிள்ளைக்கு வழி இருக்கிறது என்று யாராவது காதில் சொன்னால் அது குற்றம், அந்த இடத்தில் உட்காராதீர்கள்.

வீட்டுக்குள்ளே

பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வைத்தியம் உண்டு. வளைகாப்புக்குக் கூப்பிட்டுவிட்டு வளையல் போடும் நேரத்தில் ஒதுங்கி நிற்கச் சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மாதிரி இடத்துக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலையைப் புருஷனிடம் விடுங்கள். "டாக்டரப் பாத்துட்டிருக்கறமுங்க, ரெண்டு பேருமே" என்று அவர் ஒரு தடவை சொன்னால் அடுத்த கேள்வி வராது.

நின்ற பிறகு

முழுகாமல் இருப்பது தெரிந்ததும் முதல் பரிசோதனையிலேயே பிசிஓஎஸ் இருந்ததைச் சொல்லுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் சர்க்கரையை ஆரம்பத்திலேயே பார்த்து, 24 முதல் 28 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், தாமாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம். ஆரம்ப வாரங்களில் ரத்தப்போக்கோடு ஒரு பக்கம் கடுமையாக வலித்தால் உடனே மருத்துவமனை.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி அந்த 75 கிராம் பரிசோதனை. அப்புறம் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. "எனக்குத்தான் லேசில் நிக்காதே" என்று கருத்தடையை விட்டுவிட்டு, முதல் பிள்ளைக்கு ஒரு வயதாகும் முன்பே அடுத்தது நின்று வருகிறவர்களும் உண்டு. தையல் பிரிக்க வரும்போதே அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.